மீதிப் பதினெட்டு முறையும் ஏன் முக்கியம்

வாசகர் கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 58 வயது, கொழுந்து பறித்தவர். வெற்றிலை, போயிலை பழக்கம் உண்டு. வலது கன்னத்தின் உட்பக்கம் வந்த புற்றுநோயை இரண்டு மாதத்துக்கு முன் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இப்போது கண்டியில் கரண்ட் பிடிக்கிறார்கள் (கதிர்ச் சிகிச்சை). மொத்தம் 30 முறை, 12 முடிந்துவிட்டது. முதல் பத்து நாள் ஒன்றும் தெரியவில்லை. இப்போது வாயெல்லாம் புண், சோறு இறங்கவில்லை. “உடம்பு உள்ளுக்குள்ளே வெந்துபோகும், ஒரு கிழமை நிப்பாட்டிட்டு அப்புறம் போங்க” என்று லயத்தில் சொல்கிறார்கள். இத்தனை நாள் இழுக்காமல் இரண்டு மூன்று தடவையில் கொடுத்து முடிக்க முடியாதா? தம்பி மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணி. எல்லோரும் ஒரே காம்பராவில்தான் படுக்கிறோம். அம்மாவின் உடம்பிலிருந்து கதிர் அவளுக்குப் பாயுமா? கர்ப்பம் என்று தெரியாமல் அவளுக்கு நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்திருக்கிறார்கள். லயத்துக்கு மேலே போன் டவர் வேறு இருக்கிறது. எல்லாம் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுத்தாதீர்கள். அம்மாவை அடுத்த முறைக்கு வழக்கம்போலக் கூட்டிப் போங்கள். போனதும் “சாப்பாடு இறங்கவில்லை, வாய்ப் புண் அதிகம்” என்று சிகிச்சைக்கு முன்னாலேயே நர்ஸ் மிஸ்ஸிடம் சொல்லி, அன்றே டொக்டரைப் பாருங்கள். புண்ணுக்கும் வலிக்கும் மருந்து இருக்கிறது. சாப்பாட்டுக்கும் வழி இருக்கிறது. விட்டுப்போன ஒரு கிழமையைத் திருப்பி எடுக்கத்தான் நல்ல வழி இல்லை. தம்பி மனைவிக்கு அம்மாவால் எந்த ஆபத்தும் இல்லை. அந்தப் பயத்தை இப்போதே விட்டுவிடலாம்.

ஏன் என்று விளங்கிக்கொண்டால்தான் லயத்தில் நாலு பேர் சொல்வதற்கு நீங்கள் பதில் சொல்ல முடியும். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

கதிர் உடம்பை வேகவைப்பதில்லை. அதன் அளவை ‘கிரே’ என்று கணக்கிடுகிறோம். ஒரு கிலோ இழையம் (தோல், தசை, எலும்பு போன்ற உடம்புப் பகுதி) ஒரு ஜூல் சக்தியை உள்வாங்கினால் அது ஒரு கிரே. 50 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பு முழுவதிலும் ஒரே நேரத்தில் 4 கிரே பட்டால், மருத்துவ உதவி இல்லாத நிலையில் உயிர் பிழைப்பது பாதிக்குப் பாதிதான். ஆனால் அந்த 4 கிரே உடம்புக்குள் கொண்டுவரும் சக்தி மொத்தம் 200 ஜூல். 60 பாகைச் சூட்டில் ஒரு தேக்கரண்டி தேநீரை விழுங்கினால் உடம்புக்குக் கிடைக்கும் வெப்பத்தில் அது பாதிகூட இல்லை. உடம்புச் சூடு ஒரு பாகையில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஏறும். ஆகவே சேதம் சூட்டினால் வருவதல்ல, அந்தச் சொற்பச் சக்தி எந்த இடத்தில் இறங்குகிறது என்பதால் வருவது. அம்மாவுக்கு ஒரு முறைக்குக் கொடுப்பது பெரும்பாலும் 2 கிரே. அதுவும் கன்னம், தாடை, கழுத்து என்று குறித்த இடத்துக்கு மட்டும். உடம்பு முழுவதற்கும் அல்ல.

எக்ஸ் கதிர் இழையத்துக்குள் நுழையும்போது அணுக்களிலிருந்து இலத்திரன்களைப் பிடுங்கி எறிகிறது. நம் உடம்பைக் கட்டியிருக்கும் நுண்ணிய கலங்களில் (செல்களில்) பெரும்பகுதி தண்ணீர் என்பதால் அடி அதிகமாக விழுவது தண்ணீர் மூலக்கூறுகளில்தான். உடைந்த தண்ணீரிலிருந்து ஐதரொட்சில் என்ற மிகவும் தாக்குதிறன் கொண்ட துணுக்குகள் பிறக்கின்றன. அவற்றின் ஆயுள் ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். அந்த நேரத்துக்குள் பக்கத்தில் கலத்தின் கட்டளைகளைத் தாங்கும் டீ.என்.ஏ. இழை இருந்தால் அதைத் தாக்கிவிடும். எக்ஸ் கதிரால் வரும் டீ.என்.ஏ. சேதத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இப்படி மறைமுகமாக வருவது. மீதி, கதிர் கிளப்பிய இலத்திரன் நேராக டீ.என்.ஏ.யில் மோதி வருவது.

ஒரு கிரே பட்டால் ஒரு கலத்துக்குள் சுமார் 1000 இடத்தில் டீ.என்.ஏ.யின் ஒரு இழை அறுகிறது. 20 முதல் 40 இடத்தில் இரண்டு இழையும் சேர்ந்து அறுகின்றன. ஒரு இழை அறுந்தால் எதிர் இழையைப் பார்த்துக் கலம் சரியாக ஒட்டிவிடும். இரண்டும் ஒரே இடத்தில் அறுந்தால் பார்த்து எழுத மூலப் பிரதி இல்லை. தவறாக ஒட்டும், அல்லது ஒட்டாமலே விடும். கலத்தைக் கொல்வது பெரும்பாலும் இந்த இரட்டை முறிவுதான்.

ஆனால் கலம் உடனே சாவதில்லை. முறிந்த டீ.என்.ஏ.யோடு தன் அன்றாட வேலையைச் செய்துகொண்டே இருக்கும். இரண்டாகப் பிரியப் போகும்போதுதான் மாட்டிக்கொள்ளும். பிரிய முடியாமல் அப்போது சாகும், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு முறை பிரிந்த பிறகு சாகும். முதல் பத்து நாள் அம்மாவுக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்குக் காரணம் இதுவே. வாயின் உள்தோலில் மேலே இருக்கும் கலங்கள் பிரிவதை நிறுத்திவிட்டவை, அவை தம் பாட்டில் தேய்ந்து உதிர்பவை. அடியில் இருக்கும் படைதான் ஓயாமல் பிரிந்து புதிய கலங்களை மேலே அனுப்புகிறது. முதல் நாள் கதிரிலிருந்தே அந்தக் கீழ்ப் படை அடிவாங்குகிறது. மேலே இருப்பு உள்ளவரை வெளியே தெரியாது. இரண்டு கிழமையில் பழைய தோல் உதிர்ந்து, புதியது வந்து சேராமல், சிவந்து புண்ணாகிறது. இரண்டாம் மூன்றாம் கிழமையில் புண் வருவது எதிர்பார்த்ததுதான். மருந்து பிழைத்துவிட்டது என்றோ அளவு கூடிவிட்டது என்றோ அதற்கு அர்த்தமில்லை.

எந்தக் கலம் அடிக்கடி பிரிகிறதோ, இன்னும் பலமுறை பிரிய வேண்டியிருக்கிறதோ அதற்குத்தான் கதிர் அதிகம் உறைக்கும் என்று பிரான்சில் பேர்கோனியே, திரிபொண்டோ என்ற இரண்டு மருத்துவர்கள் 1906இல் எழுதினார்கள். இரத்தத்திலுள்ள நிணநீர்க் கலங்களைப் போலச் சில விதிவிலக்குகள் இருந்தாலும் அந்த விதி இன்றும் செல்லும். வாய்த் தோல், மயிர் வேர், எலும்பு மச்சை, குடல் உட்தோல் முதலில் பாதிக்கப்படும். எலும்பு, நரம்பு, தசை உடனே ஒன்றும் காட்டாது. அவற்றின் பாதிப்பு மாதங்கள், வருஷங்கள் கழித்து வரும். புற்றுநோய்க் கலமும் ஓயாமல் பிரியும் வகை. அதோடு, முறிவை ஒட்டும் திறமை அதற்குப் பெரும்பாலும் பழுதாகியிருக்கும். இந்த வித்தியாசத்தை நம்பித்தான் இந்தச் சிகிச்சையே நடக்கிறது.

இனி நீங்கள் கேட்ட முக்கியமான கேள்விக்கு வருகிறேன். ஏன் இரண்டு மூன்று தடவையில் முடிக்கக்கூடாது?

முதலில் ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு கன சென்ரிமீற்றர் கட்டியில் ஏறக்குறைய 100 கோடிப் புற்றுநோய்க் கலங்கள் இருக்கும். 2 கிரே ஒரு தடவை கொடுத்தால் சுமாராகப் பாதி சாகும், பாதி மிஞ்சும். அடுத்த நாள் மிஞ்சியதில் பாதி. கதிர் ஒவ்வொரு முறையும் இத்தனை கலம் என்று எண்ணிக் கொல்வதில்லை, இருப்பதில் ஒரு பங்கைக் கொல்கிறது. பாதி பாதியாகப் போனால் பத்து முறையில் 100 கோடி 10 இலட்சத்துக்கு வரும். இருபது முறையில் ஆயிரத்துக்குக் கீழே வரும். முப்பதாவது முறையில்தான் ஒன்றுக்கு வரும். ஆபரேஷனில் கட்டியை எடுத்துவிட்டபடியால் அம்மாவுக்குத் தொடக்கமே இதைவிடக் குறைவாக இருக்கும். ஆனால் இடையிடையே புதிய கலங்களும் பிறக்கின்றன, எல்லாக் கலமும் ஒரே மாதிரிச் சாவதுமில்லை. அதனால் அளவைக் குறைக்க முடியாது. இருபது முறையோடு நிறுத்தினால் கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் ஒன்றும் தெரியாது, வாய் சுத்தமாகவே இருக்கும். உள்ளே சில நூறு கலங்கள் இருந்தாலே போதும், நோய் திரும்பி வர. கடைசிப் பத்து முறைக்கும் முதல் பத்து முறைக்கும் மதிப்பு ஒன்றே.

சரி, மொத்தத்தையும் ஒரே மூச்சில் கொடுத்தால் என்ன? கதிர் பட்ட நல்ல இழையம் தன் முறிவுகளை ஒட்டிக்கொள்ளக் குறைந்தது ஆறு மணி நேரம் தேவை. ஒரு நாள் இடைவெளி விட்டால் பெரும்பகுதி சரியாகிவிடும். சிறு சிறு அளவாகக் கொடுத்தால் எலும்பு, நரம்பு, இரத்தக்குழாய் போன்ற மெதுவான இழையங்கள் மிக நன்றாகத் தேறும். பெரிய அளவை ஒரே தடவையில் கொடுத்தால் அதிகம் அடிபடுவது அவைதான். நாங்கள் பயன்படுத்தும் கணக்கில் 60 கிரேயை 30 முறையாகக் கொடுப்பதையும், 20 கிரேயை ஒரே தடவையில் கொடுப்பதையும் ஒப்பிட்டால், 20 கிரே புற்றுநோய்க்கு எதிராகக் குறைந்த பலனே தரும், தாடை எலும்புக்கோ ஒன்றரை மடங்கு சேதம் செய்யும். எல்லாப் புற்றுநோய்க்கும் இதே பங்கீடு இல்லை. மூளை, நுரையீரலில் உள்ள சில சிறு கட்டிகளைத் துல்லியமாகக் குறிவைத்துச் சில தடவையில் முடிப்பதும் உண்டு. தாடையும் உமிழ்நீர்ச் சுரப்பியும் ஒட்டியிருக்கும் கன்னத்தில் அது சரிவராது.

பிரித்துக் கொடுப்பதில் இன்னொரு நன்மை ஒட்சிசன். கதிர் உடைத்த டீ.என்.ஏ.யை ஒட்டவிடாமல் நிலைக்கச் செய்வது ஒட்சிசன். அது இல்லாத இடத்திலுள்ள கலத்தைக் கொல்ல இரண்டரை, மூன்று மடங்கு கதிர் வேண்டும். கட்டியின் நடுவில் இரத்தம் போகாத கலங்கள் அப்படி ஒளிந்திருக்கும். ஓரத்துக் கலங்கள் செத்து ஒதுங்க ஒதுங்க உள்ளே ஒட்சிசன் போகும், அடுத்த முறை அவையும் அகப்படும். இதில் வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தோட்டங்களில் நம் பெண்கள் பலருக்கு இரத்தம் குறைவு. அம்மாவின் ஈமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். 10க்குக் கீழே என்றால் டொக்டரிடம் கட்டாயம் பேசுங்கள். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தால் அதை விழுங்கி ஒரு மணி நேரத்துக்குத் தேநீர் வேண்டாம், தேநீர் இரும்பை உறிஞ்சவிடாது. வீட்டில் யாராவது பீடி, சிகரட் பிடித்தால் காம்பராவுக்கு வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள். அந்தப் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு இரத்தத்தில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கிழமை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வாய், தொண்டைப் புற்றுநோய்களில் சிகிச்சை தொடங்கி நாலு கிழமை அளவில் மிஞ்சிய கலங்கள் முன்னைவிட வேகமாகப் பெருகத் தொடங்கும். அதற்குப் பிறகு இழுபடும் ஒவ்வொரு நாளையும் ஈடுசெய்ய ஏறக்குறைய 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படும். ஏழு நாளுக்கு நாலு கிரேக்கு மேல் போகும். இரண்டு முறை கண்டிக்குப் போய்வந்த பலன் அப்படியே போய்விடும். ‘இப்போது ஓய்வு எடுத்து, பிறகு சேர்த்துப் போகலாம்’ என்பது நல்லெண்ணத்தில் சொல்வது. ஆனால் அந்த ஓய்வில் வாய்த் தோல் தேறுவது போலவே நோயும் தேறிக்கொள்ளும். டொக்டரே நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள், அது வேறு. வீட்டில் முடிவெடுத்து நிறுத்தாதீர்கள்.

மழைக் காலத்தில் உங்கள் பக்கத்திலிருந்து கண்டிக்கு வருவது லேசான காரியம் அல்ல. நுவரெலியா, றம்பொடை வழியானாலும் ஹட்டன், நாவலப்பிட்டி வழியானாலும் மண்சரிவு வந்தால் பாதை மூடிவிடும். தினமும் பஸ்ஸில் வந்து போவது அம்மாவின் உடம்புக்கும் ஆகாது, கூட வருபவரின் பேரும் (நாட்சம்பளமும்) போகும். வார்டில் தங்கவோ ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கவோ வழியுண்டா என்று மிஸ்ஸிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் இப்போதே கேளுங்கள். சிகிச்சைப் பிரிவின் தொலைபேசி இலக்கத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாதை மூடினால் அன்றே பேசிச் சொல்லுங்கள். தவறிய நாளைச் சனிக்கிழமை கொடுத்தோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை கொடுத்தோ ஈடுசெய்ய முடியுமா என்று அவர்கள் பார்ப்பார்கள். போயா விடுமுறை, மெஷின் பழுது வந்தாலும் இதே கேள்வியை நீங்களாகவே கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்தது வாய். இதில்தான் உங்கள் கை அதிகம் வேண்டும்.

ஒரு லீற்றர் கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டமாக ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கரைத்து ஒரு போத்தலில் வையுங்கள். அம்மா விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணிக்கு ஒரு தடவை ஒரு வாய் எடுத்து, அரை நிமிஷம் வாய்க்குள் மெதுவாக அலைத்துத் துப்ப வேண்டும். சாப்பிடும் முன், சாப்பிட்ட பின், படுக்கும் முன் கட்டாயம். தொண்டையை உரசிக் கொப்பளிக்க வேண்டாம். தினமும் புதிதாகக் கரையுங்கள். கடையில் விற்கும் காரமான மவுத்வோஷ் வேண்டாம், அதிலுள்ள மதுசாரம் புண்ணை எரிக்கும். பல் துலக்கக் குழந்தைகளின் மென்மையான பிரஷ் போதும். பற்பசையில் புளோரைட் இருக்க வேண்டும். உமிழ்நீர் குறைந்த வாயில் பல் சொத்தை வேகமாக வரும்.

சாப்பிட அரை மணிக்கு முன் வலி மருந்து கொடுங்கள். வலி வந்த பிறகு கொடுப்பதைவிட அது நல்லது. மரக்கச் செய்யும் ஜெல்லையும் டொக்டரிடம் கேளுங்கள். மோர்பின் சிரப் எழுதிக் கொடுத்தால் பயப்பட வேண்டாம். கடைசிக் காலத்துக்கு மட்டும் தரும் மருந்து அல்ல அது. இந்தப் புண் வலிக்குப் பல நோயாளிகளுக்குக் கொடுப்பதுதான், புண் ஆற ஆறக் குறைத்து நிறுத்திவிடுவார்கள். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்து மருந்து கேளுங்கள். நாக்கிலும் கன்னத்திலும் தயிர் ஒட்டியது போல வெள்ளைத் திட்டுகள் வந்தால் அது பங்கசுத் தொற்றாக இருக்கலாம். அப்பச்சோடாத் தண்ணீருக்கு அது போகாது, தனி மருந்து வேண்டும்.

சாப்பாடு எடையோடு சம்பந்தப்பட்டது, எடை சிகிச்சையின் குறியோடு சம்பந்தப்பட்டது. அம்மாவுக்கு முகத்தில் போடும் வலைபோன்ற கவசத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிளாஸ்டிக் தகட்டைச் சுடுதண்ணீரில் இளக்கி, முகத்தின் மேல் இழுத்து, ஆறி இறுகும்வரை பிடித்து, அவருடைய மூக்கு, நாடி, கன்னத்தின் அளவுக்கே செய்திருக்கிறார்கள். கதிர் எங்கே விழ வேண்டும் என்ற திட்டம் சில மில்லிமீற்றர் கணக்கில் போட்டது. எடை குறைந்து கன்னமும் கழுத்தும் வற்றினால் கவசத்துக்குள் முகம் ஆடும். ஆடினால் நோய் இருந்த இடத்துக்குக் குறையலாம், முள்ளந்தண்டு போன்ற காக்க வேண்டிய இடத்துக்குக் கூடலாம். ஒவ்வொரு திங்களும் ஒரே தராசில் எடை பாருங்கள். தொடங்கும்போது 48 கிலோ இருந்தவர் 45.5க்கு வந்தால் 5 வீதம் குறைந்துவிட்டார், உடனே சொல்லுங்கள். ‘கவசம் லூசாக இருக்கிறது’ என்று அம்மா சொன்னால் அதையும் மெஷின் பக்கம் இருப்பவரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் புதிதாகச் செய்வார்கள்.

48 கிலோ உடம்புக்கு ஒரு நாளைக்கு 1400, 1500 கலோரியும் 60 கிராம் அளவு புரதமும் போக வேண்டும். மூன்று வேளைச் சோறு இனி சரிவராது. இரண்டு மணிக்கு ஒரு தடவை அரைக் கோப்பையாகக் கொடுங்கள். பச்சரிசியையும் பருப்பையும் குழைய வேகவைத்து, இறக்கும்போது முட்டை ஒன்றை அடித்து ஊற்றிக் கிளறி, தேங்காய்ப்பால் சேர்த்த கஞ்சி நல்லது. உருளைக்கிழங்கும் கரட்டும் மசித்து மார்ஜரின் சேர்க்கலாம். கனிந்த அவகாடோவைப் பாலோடு அடித்தால் கொஞ்சத்திலேயே நிறையச் சக்தி கிடைக்கும். பாலில் ஒரு மேசைக்கரண்டி பால்மா கூடுதலாகப் போடுங்கள். மிளகாய், மிளகு, எலுமிச்சை, புளி, முறுகலான எதுவும் வேண்டாம். பிளேன்டீ குடிக்காமல் இருக்க முடியாது என்றால் ஆறவிட்டு, பால் சேர்த்துக் கொடுங்கள். இவ்வளவு செய்தும் இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாக மெல்லிய குழாய் போட்டு உணவு கொடுப்பார்கள். பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் சம்மதியுங்கள். சில கிழமைக்குத்தான். அந்தக் குழாயால் சிகிச்சையை நிறுத்தாமல் முடித்தவர்கள் நிறைய.

வெற்றிலை, பாக்கு, போயிலை இனி வாய்க்குள் போகவே கூடாது. போயிலை இல்லாத வெறும் பாக்குக்கூட வாய்ப் புற்றுநோயைத் தரும். புண்ணுக்கு நல்லது என்று யாராவது வெற்றிலையைக் கொடுத்தாலும் வேண்டாம். சத்துக்கென்று கடையில் விற்கும் விற்றமின் மாத்திரைகளையும் நாட்டு மருந்துகளையும் கேட்காமல் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன ஐதரொட்சில் துணுக்குகளை அடக்கும் மருந்தை அதிக அளவில் கொடுத்தால் அது நல்ல கலத்தை மட்டும் காக்கும் என்று நம்ப முடியாது. சாப்பாட்டில் வரும் விற்றமினுக்குத் தடை இல்லை.

கழுத்துத் தோல் கறுத்து உரியும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, துவாயால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பாம், தைலம், சுடுதண்ணிப் பை, அடுப்பங்கரைச் சூடு எதுவும் அந்த இடத்துக்கு ஆகாது. குளிருக்குக் கம்பளி மப்ளர் உரசும், பழைய பருத்திச் சேலைத் துண்டைத் தளர்வாகச் சுற்றுங்கள். தோல் கசிய ஆரம்பித்தால் காட்டுங்கள்.

அம்மாவுக்குக் கிழமைக்கு ஒரு தடவை சேலைன் வழியாக மருந்தும் ஏற்றுகிறார்கள் என்றால் காய்ச்சலை மிகக் கவனமாகப் பாருங்கள். 38 பாகைக்கு மேல் வந்தால் இரவானாலும் கிட்டிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பனடோல் கொடுக்கும் முன் சூட்டை அளந்துவிடுங்கள், கொடுத்த பிறகு அளந்தால் காய்ச்சல் மறைந்திருக்கும். தண்ணீர்கூட விழுங்க முடியாமை, சிறுநீர் குறைதல், வாயிலிருந்து இரத்தம், மூச்சில் சத்தம் வந்தாலும் அப்படியே. தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிவிட்டு வீட்டில் இருக்காதீர்கள்.

இனி தம்பி மனைவி. அம்மாவுக்குக் கொடுக்கும் கதிர் வெளியே உள்ள மெஷினிலிருந்து வருவது. மெஷின் நின்ற கணமே கதிரும் நின்றுவிடுகிறது. கோபால்ட் மெஷின் என்றால் அதிலுள்ள கதிர் வீசும் பொருள் மெஷினின் கவசத்துக்குள் திரும்பிப் போய்விடும். கதிர் உடம்புக்குள் தங்குவதில்லை. எக்ஸ் கதிர் கலங்களில் முறிவைச் செய்கிறதே தவிர, அவற்றைக் கதிர் வீசும் பொருளாக மாற்றுவதில்லை. அம்மாவின் எச்சில், வியர்வை, உடுப்பு, பாத்திரம் எதிலும் கதிர் இல்லை. அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் படுக்கலாம், கஞ்சி ஊட்டலாம். பேரப்பிள்ளைகள் மடியில் ஏறலாம். புற்றுநோயும் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல. தைரொயிட் நோய்க்குக் கதிர் வீசும் அயடீனை விழுங்கக் கொடுப்பது வேறு வகை. அதை விழுங்கியவர்கள்தான் சில நாள் கர்ப்பிணிகளிடமிருந்து விலகி இருக்க வேண்டும். அந்தக் கதையை யாரோ இதோடு குழப்பியிருக்கிறார்கள்.

அவளுக்கு எடுத்த நெஞ்சு எக்ஸ்ரேயில் கர்ப்பப்பைக்குப் போயிருக்கக்கூடியது ஒரு மில்லி கிரேயில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கருவில் ஊனம், மூளை வளர்ச்சிக் குறைவு போன்றவை வர 100 மில்லி கிரே அளவாவது பட வேண்டும். இடையில் பத்தாயிரம் மடங்கு தூரம் இருக்கிறது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் எல்லோருக்கும் இயற்கையாக வருஷத்துக்குச் சராசரி 2.4 மில்லி சீவர்ட் (உடம்புக்கு வரக்கூடிய பாதிப்பை வைத்துக் கதிரைக் கணக்கிடும் அளவு) கதிர் கிடைக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று தாய்க்குக் கொடுப்பது அதில் சுமார் மூன்று நாள் பங்கு. உயரம் கூடக் கூட வானத்துக் கதிர் கூடும் என்பதால், கொழும்பில் இருப்பவரைவிட மலையில் இருக்கும் நமக்கு அந்தப் பங்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்தான். அதனால் இங்கே கெடுதல் எதுவும் இல்லை. இனி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னால் கர்ப்பம் என்று முதலில் சொல்லட்டும், அது போதும். போன் டவரின் அலை இந்த வகையிலேயே சேராது. ஒரு இலத்திரனைப் பிடுங்கத் தேவையான சக்தியில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குகூட அதன் ஒரு துணிக்கைக்கு இல்லை. டீ.என்.ஏ.யை அதனால் உடைக்க முடியாது.

முப்பதாவது முறை முடிந்த அடுத்த நாளே வாய் ஆறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். கீழ்ப் படையில் மிஞ்சிய கலங்கள் பிரிந்து மேலே வர நாள் எடுக்கும். முடிந்து ஒன்று, இரண்டு கிழமை புண் அப்படியேதான் இருக்கும், சில நேரம் கூடும். பெரும்பாலோருக்கு நாலு முதல் ஆறு கிழமையில் ஆறும். ருசி திரும்பச் சில மாதம் ஆகும். பெருமளவு கதிர் வாங்கிய உமிழ்நீர்ச் சுரப்பி முழுமையாகத் திரும்பாது, எப்போதும் ஒரு தண்ணீர்ப் போத்தல் கூட இருக்கட்டும். தாடைத் தசை இறுகாமல் இருக்க இப்போதே தொடங்குங்கள். வலிக்காத அளவுக்கு வாயைத் திறந்து பத்து எண்ணும்வரை பிடித்து மூட வேண்டும், ஒரு தடவைக்குப் பத்து முறை, நாளுக்கு ஐந்தாறு தடவை. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையில் மூன்று விரலை நெடுக்காக வைக்க முடிகிறதா என்று கிழமைக்கு ஒரு முறை பாருங்கள். இரண்டு விரலுக்கு இறங்கினால் கிளினிக்கில் சொல்லுங்கள். கழுத்திலும் கதிர் பட்டிருப்பதால் தைரொயிட் சுரப்பி மெதுவாகக் குறையலாம். ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு தடவை அதற்கான இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

பல் விஷயத்தை மறக்கவே கூடாது. கதிர் பட்ட தாடை எலும்பில் நுண்ணிய இரத்தக்குழாய்கள் குறைந்துவிடும். பிரியாத இழையம் என்பதால் சேதம் மெதுவாக, பல வருஷம் கழித்துக்கூட வெளியே வரும். அந்த எலும்பிலிருந்து பல்லைப் பிடுங்கினால் குழி ஆறாமல் எலும்பே செத்து வெளியே தெரியும் அபாயம் உண்டு. பத்து வருஷம் கழித்து ஆடும் பல் என்றாலும் சாதாரணமாகப் பிடுங்கிவிடக் கூடாது. முப்பது முறையும் முடிந்ததும் எந்த இடத்துக்கு எத்தனை கிரே கொடுத்தார்கள் என்று எழுதிய தாளைக் கேட்டு வாங்கி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கிளினிக் கொப்பியில் ஒட்டி வையுங்கள். எந்தப் பல் டொக்டரிடம் போனாலும் வாயைத் திறக்கும் முன் அதை அவர் கையில் கொடுக்கச் சொல்லுங்கள்.